ஒட்டிப்போன தாள்கள்

நூற்றாண்டு மலருக்கு ஊர் வரலாறு எழுத
என்னைப் பிடித்தார்கள்.
சங்கக்கடையில் முப்பது வருடம் கணக்கெழுதினவன்,
கையெழுத்தாவது விளங்கும் என்றார் அத்தான்.
முதல் வசனத்தை அவரே சொல்லித் தந்துவிட்டார்:
"ஈச்சமுறிப்புக் குளத்தை வெட்டியவர்
எங்கள் பூட்டன் வஸ்தியாம்பிள்ளை."
அந்த வசனத்தின் பலத்தில்தான்
ஒவ்வொரு ஆனியிலும் அந்தோனியாரின் கொடிக்கயிற்றை
முதலில் எங்கள் வீட்டார் தொடுகிறோம்.

அறைவீட்டு அலுமாரியில் ஏடுகள் நாலு.
ஐந்தாவது மாத்தளனோடு போயிற்று.
மிஞ்சிய நாலையும் உபதேசியார் எமிலியான்
யூரியாப் பையில் சுற்றி
உழவு இயந்திரப் பெட்டியில்,
மகளின் தையல் மெசினுக்கு விட்ட இடத்தில் வைத்தாராம்.
அவள் இன்னும் அந்த மெசினைச் சொல்லிக் காட்டுகிறாள்.

கறையான் நேராகத் துளைத்திருந்தது,
ஒரு பிள்ளையின் பிறப்பில் தொடங்கி
எவனோ ஒருவனின் சாவு வரைக்கும்.
பிரெஞ்சுக்காரச் சுவாமியின் மை
தேத்தண்ணி நிறம்.
அவருடைய காதுக்குள் போன எங்கள் பெயர்கள்
கைவழியே வேறு ஆட்களாக இறங்கியிருந்தன.
ஒரு சூசைப்பிள்ளையை மூன்று நாள் தேடினேன்.

காய்ச்சல் வருடம்.
மாசியில் மட்டும் பதினேழு அடக்கம்.
பதினெட்டாவது வேறு கையெழுத்தில்.
பதினெட்டாவது, சுவாமிதான்.

விவாக ஏட்டில் இரண்டு தாள் ஒட்டிக் கிடந்தன,
பதுங்குகுழித் தண்ணீர் குடித்து.
கேத்தில் ஆவியில் பிடித்து, பிளேட் நுனியால்
ஓர் இரவு முழுக்கப் பிரித்தேன்,
பாலாடை எடுப்பதுபோல.

மாப்பிள்ளை: வஸ்தியான். ஊர்: கடற்கரைப் பக்கம்.
தொழில்: சங்கு குளிப்பு.
பெண்: பிரகாசியாள், கைம்பெண்.
முன்னைப் புருசன் கயித்தான், இந்தக் குளம் வெட்டினவன்.

எழுத்து புதுச் சுவாமியுடையது, தமிழ் என்னுடையது.
ஒரு காற்புள்ளி. அதற்கு அந்தப்பக்கம் ஒரு குளம்.

அடக்க ஏட்டுக்குத் திரும்பினேன்.
கயித்தான், முப்பது வயதளவு.
அவனுக்கு மேலே இரண்டு வரி, கீழே ஒரு வரி,
அவனே தகப்பன்:
ஆறு வயது. நாலு வயது. பெயர் வைக்க முன்.
அவன் வழியில் ஒருவரும் மிச்சமில்லை
வந்து கேட்க, கயிற்றைப் பிடிக்க,
பந்தலுக்குள் எங்களோடு சண்டைபோட.
அது எனக்கு ஆறுதலாயிருந்தது
என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

அவன் வெட்ட வெட்ட
மண்ணைக் கட்டுக்குச் சுமந்தது ஆர்?
ஏட்டில் அதற்கென்று ஒரு கட்டம் இல்லை.

அத்தானிடம் காட்டினேன்.
கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டார்,
ஏட்டைப் பார்க்கவில்லை.
"சங்கு குளிச்சவனும் பிறகு தூர் வாரியிருப்பான்தானே."
வாரியிருப்பான்.
துருசு உடைந்த வருசம் மூட்டை அடுக்கியும் இருப்பான்.
"மலரை ஆர் வாசிக்கிறது,
எல்லாரும் தங்கடை படத்தைத்தானே பாக்கிறது."
அதுவும் சரி.

வெள்ளிக்கிழமை கடைசி நாள்.
வவுனியா அச்சகத்துப் பெடியனுக்குப் போன் எடுத்து
முதல் வசனத்தில் ஒரு பெயரை எடுக்கச் சொன்னேன்,
இரண்டு பெயரைப் போடச் சொன்னேன்.
பிரகாசியாளை உடனே அடித்துவிட்டான்.
"மற்றது கயித்தானோ, கயத்தானோ அண்ணை?"

ஏட்டைப் புரட்டினேன்.
மூத்த பிள்ளையின் ஞானஸ்நானத்தில் ஒரு மாதிரி.
சாவில் ஒரு மாதிரி.
பெண்சாதியின் இரண்டாம் கலியாணத்தில்
இன்னொரு மாதிரி.
மண்வெட்டியோடு கட்டில் நின்றவனை
சோற்றுக்கு எப்படிக் கூப்பிட்டாளோ.

"அண்ணை,
லைனிலை இருக்கிறியளோ?"